நீலத்துக்குள் எத்தனை நிமிடம்? கேமராவோடு போக எந்தப் பனிக்குகை, எந்த மாதம்

குகைக்குள் பத்தடி வைத்ததும் லென்ஸ் பால் போல மங்கிவிட்டது. வெளியே மைனஸ் எட்டு டிகிரிக் காற்றில் அரை மணி நேரம் கழுத்தில் தொங்கிய கேமரா. உள்ளே சைபரை ஒட்டிய குளிர்தான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். சில்லிட்டுப் போன கண்ணாடியைக் கண்டதும் அந்த ஈரம் அப்படியே அதில் படிந்துவிட்டது. துடைத்தேன், மறுபடியும் பூத்தது. மூன்றாம் முறை துடைத்து நிமிர்ந்தபோது, எங்கள் குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் எனக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டி இன்னும் பதினைந்து நிமிடம் என்றார்.

அது டிசம்பர் கடைசி வாரம், ஐஸ்லாந்தின் தென்கிழக்கில், என் முதல் பனிக்குகை. இரண்டு வருடம் கழித்து பிப்ரவரி நடுவில் மறுபடி போனேன். அதே கேமரா, அதே 16–35 எம்எம் அகலக் கோண லென்ஸ். இந்தத் தடவை வந்த படங்களில் ஒன்று இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி அகலத்தில் தொங்குகிறது. இரண்டு பயணத்துக்கும் நடுவில் மாறியது மாதமும், போன விதமும், உள்ளே நிற்கக் கிடைத்த நேரமும்தான்.

போன மாதம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, ஐஸ்லாந்து டிக்கெட் போடப்போறேன். எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகட்டும்?"

"லென்ஸ் இருக்கட்டும்டா. எந்த மாசம், எந்தக் குகை, உள்ள எத்தனை நிமிஷம் நிக்க விடுவாங்கன்னு முதல்ல பாரு" என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். அவனிடம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். விழுந்த பனி, மேலே விழும் பனியின் பாரத்தில் பல பத்தாண்டுகளாக நசுங்கி நசுங்கிக் கட்டியாகிறது. தொடக்கத்தில் அதற்குள் காற்றுக் குமிழ்கள் நிறைய இருக்கும். குமிழ்கள் எல்லா நிற ஒளியையும் சிதறடிப்பதால் பனி வெள்ளையாகத் தெரிகிறது. பாரம் கூடக்கூடக் குமிழ்கள் சுருங்கி மறைந்து, கட்டி நுங்குச் சுளை போலத் தெளிந்துவிடும். அப்படித் தெளிந்த பனிக்குள் ஒளி பல மீட்டர் தூரம் போக முடியும். போகிற வழியில் சிவப்பைப் பனி விழுங்கிக்கொள்கிறது. மிச்சமாகி நம் கண்ணுக்கு வருவது நீலம்.

ஆகவே நீலம் வேண்டுமென்றால் பழைய, நசுங்கிய பனி வேண்டும். அதன் வழியே புகுந்து வர வெளியே போதிய பகல் வெளிச்சமும் வேண்டும். கூரை தடித்துவிட்டால் உள்ளே இருட்டு. கூரை மெலிந்து, அதன் மேல் புதுப்பனி மூடாமல் இருந்தால் உள்ளே விளக்கே தேவையில்லை, சுவர் தானாக ஒளிர்வது போல இருக்கும். கூரை மேல் ஒரு அடி புதுப்பனி விழுந்தாலே அந்த ஒளி பெரும்பாலும் செத்துவிடுவதை நான் முதல் பயணத்தில் பார்த்தேன்.

அடுத்தது மாதம். இயற்கையான பனிக்குகை, கோடையில் உருகிய நீர் பனியாற்றுக்குள் குடைந்து ஓடிய வாய்க்கால். கோடையில் அது நீர்ப்பாதை. இலையுதிர்காலம் முடிந்து குளிர் இறுகியதும் நீர் வற்றி, சுவர்கள் உறைந்து கெட்டிப்படுகின்றன. அதனால்தான் நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். அடுத்த கோடையில் அதே வாய்க்கால் அகன்று சரிந்துவிடும், வேறொன்று திறக்கும். இணையத்தில் போன வருடப் படத்தைப் பார்த்து "இந்தக் குகைக்குத்தான் போகணும்" என்று கேட்பதில் பொருளில்லை. அது பெரும்பாலும் இப்போது இருக்காது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் உள்ளூர் வழிகாட்டிகள் பனியாற்றின் மேல் நடந்து புதிய வாசல்களைத் தேடுகிறார்கள்.

இந்த ஐந்து மாதங்களும் ஒன்றுபோல இல்லை. டிசம்பர் கடைசியில் அந்த அட்சரேகையில் பகல் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான். நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் மூன்று டிகிரிகூட ஏறாது. மேகம் மூடிய நாளென்றால் குகைக்குள் மாலை ஆறு மணிக்கு மூடிய வீட்டின் வெளிச்சம்தான் கிடைக்கும். பிப்ரவரி நடுவில் பகல் எட்டரை மணி நேரமாகிவிடும், சூரியன் பதிமூன்று டிகிரி வரை ஏறும், குளிரும் இன்னும் பிடித்திருக்கும். மார்ச்சில் வெளிச்சம் தாராளம், ஆனால் மாதக் கடைசியில் இளக்கம் தொடங்கிவிடலாம். கூரை சொட்டினால் லென்ஸும் நனையும், கட்டியும் தளரும். நவம்பரில் குகைகள் அப்போதுதான் இறுகத் தொடங்கியிருக்கும், ஒரு மழை வந்தாலே நீர் புகுந்து பயணம் ரத்தாகும். படத்துக்காகவே போகிறவர் பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் போவதுதான் என் தேர்வு. கிறிஸ்துமஸ் லீவில்தான் போக முடியும் என்றால் போங்கள், ஆனால் நண்பகலை ஒட்டிய நேரத்தைப் பதிவு செய்யுங்கள். காலை ஒன்பதரைப் பயணம் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அந்த நேரத்தில் வெளியிலேயே இருட்டு.

வாட்னாயோகுல் பக்கத்து நீலக் குகைகள்

இனி இடங்கள். ஐஸ்லாந்து மொழியில் யோகுல் என்றால் பனியாறு. வாட்னாயோகுல் அந்த நாட்டின் மிகப் பெரிய பனிமுகடு (மலைகளை மூடிப் படர்ந்த பெரும் பனிப்பரப்பு), நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 8 சதவீதம். அதைச் சுற்றி 2008-ல் தேசியப் பூங்கா அமைத்தார்கள், 2019-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. அதிலிருந்து தெற்கே வழிந்திறங்கும் நாக்குகளில் ஒன்று பிரெய்தாமெர்குர்யோகுல். அதன் காலடியில்தான் மிதக்கும் பனிப்பாளங்களுக்குப் பேர்போன யோகுல்சார்லோன் ஏரி. நீலக் குகைப் படம் என்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுத்தவைதான்.

ரெய்க்யாவிக்கிலிருந்து இங்கே 370 கிலோமீட்டருக்கு மேல். குளிர்காலச் சாலையில் ஒரே நாளில் போய்த் திரும்பும் பேருந்துப் பயணங்கள் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதினான்கு மணி நேரப் பயணத்தில் குகைக்குள் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம், அதுவும் அன்று காற்று பலமாக அடித்தால் எல்லாம் போயிற்று. ஹோஃப்ன் ஊரிலோ ஏரிக்குப் பக்கத்துப் பண்ணை விடுதியிலோ இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் ரத்தானால் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

இங்கே இரண்டு விதப் பயணங்கள் இருக்கின்றன. முடிவெடுக்கிறவர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். சாதாரணப் பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம். பெரிய டயர் மாட்டிய வண்டியில் கரடுமுரடாக ஏறி, ஷூவுக்கு அடியில் முள்பட்டை மாட்டி, தலைக்கவசம் போட்டு நடந்து, உள்ளே முக்கால் மணி நேரம். ஆட்கள் கூடவே இருப்பார்கள். சில சமயம் நாலைந்து குழுக்கள் ஒரே குகையில் இருக்கும். டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதித்தாலும் விரிக்க இடம் இருக்காது. குகையைக் கண்ணால் பார்க்க வேண்டும், போனில் நாலு நல்ல படம் வேண்டும் என்றால் இது போதும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி.

இன்னொன்று படமெடுப்பவர்களுக்கென்றே நடத்தும் பயணம். ஆட்கள் குறைவு, நாலு முதல் ஆறு மணி நேரம். கூட்டம் வரும் முன்போ, போன பிறகோ உள்ளே நுழைவார்கள். கட்டணம் கூடும், நடையும் கூடலாம். ஒரே பயணத்துக்குத்தான் காசிருக்கிறது என்றால், விலையுயர்ந்த லென்ஸ் வாடகையைக் குறைத்துக்கொண்டு இதில் போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிப்ரவரிப் பயணத்தில் அந்தக் குகைக்குள் நான் முதல் இருபது நிமிடம் கேமராவைத் தொடவே இல்லை. எங்கள் வழிகாட்டி, முப்பது வயது இருக்கும் பெண், அந்தப் பண்ணைப் பகுதியிலேயே வளர்ந்தவர், பையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேமராவும் குகைக் காற்றும் ஒரே குளிருக்கு வரட்டும், அதுவரை சுவரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். சுவரெங்கும் பணியாரக் கல்லைத் திருப்பி வைத்தது போலக் குழி குழியாக இருந்தது. காற்றும் நீரும் சுழன்று தேய்த்த குழிகள். ஒவ்வொரு குழியின் மேல் விளிம்பில் வெளிர் நீலம், அடியில் கருநீலம். நடுநடுவே விரல் தடிமனில் கறுப்புப் பட்டைகள், எரிமலைச் சாம்பல். ஒரு பட்டைக்குள் மணல் பருமனில் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கையுறையைக் கழற்றி விரலை வைத்தேன். பனி வழவழவென்றிருந்தது, அந்தப் பட்டை மட்டும் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

அந்த இருபது நிமிடத்தில்தான் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் பயணத்தில் எனக்குக் கிடைக்காதது அதுதான். பிறகு பையைத் திறந்தபோது லென்ஸ் மங்கவில்லை.

கட்லா

வீக் ஊர் ரெய்க்யாவிக்கிலிருந்து 190 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, பாதித் தூரம்தான். அங்கிருந்து கறுப்பு மணல்வெளியைத் தாண்டி மிர்டால்ஸ்யோகுல் பனிமுகட்டின் ஒரு நாக்குக்குக் கூட்டிப்போவார்கள். அந்த முகட்டுக்கு அடியில் உறங்குவது கட்லா எரிமலை. கடைசியாக அது பெரிதாக வெடித்தது 1918-ல். இங்கத்திய குகைகளில் நீலம் குறைவு, சாம்பல் அதிகம். கறுப்பும் வெள்ளையும் கலங்கிய கண்ணாடி நிறமும் அடுக்கடுக்காக, அடுப்புக்கரி பூசிய பளிங்கு போல இருக்கும்.

நீலத்தைத் தேடிப் போகிறவருக்கு இது ஏமாற்றம் தரலாம். என் கண்ணுக்கு இது வேறு வகைப் படம். கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களுக்கு வாட்னாயோகுலைவிட இதையே நான் சொல்வேன். சாம்பல் அடுக்குகள் தாமாகவே கோடு வரைந்து தருகின்றன. குகை வாயிலில் நின்று வெளியே பார்த்து எடுத்தால் கறுப்பு வளைவுக்குள் வெளிச்சம், நடுவில் ஓர் ஆள். அந்த ஓர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே கூட்டம் அதிகம். தலைநகரிலிருந்து கிட்டம் என்பதால் எல்லாரும் வருகிறார்கள். நேரக் குறைவாக வருகிறவர், நாலு நாள் பயணம் என்றால், கட்லாவுக்குப் போகலாம்.

வருடம் முழுதும் கட்லாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் குளிர்மாதங்களில் மட்டும்தான் போவேன்.

லாங்யோகுல் சுரங்கம்

மேற்கே, ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் ஹூசாஃபெல். அங்கிருந்து எட்டுச் சக்கரப் பெருவண்டியில் நாட்டின் இரண்டாவது பெரிய பனிமுகடான லாங்யோகுல் மேல் ஏறினால், மனிதர் குடைந்த ஒரு சுரங்கம். 2015-ல் திறந்தார்கள், அரை கிலோமீட்டர் நீளம் இருக்கும். நிற்க உயரமும், நடக்க அகலமும், உள்ளே ஒரு சிறு தேவாலய அறையும் உண்டு. வெளிச்சம் முழுக்க எல்இடி.

படத்துக்காக மட்டும் என்றால் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். சுரங்கம் பனிமுகட்டின் மேற்பகுதியில் இருக்கிறது. அங்கே பனி இன்னும் அவ்வளவு நசுங்கவில்லை, குமிழ் நிறைந்த வெள்ளை. தெரிகிற நீலத்தில் பெரும்பங்கு விளக்கின் நீலம். ஆனால் பனியாற்றின் உட்புறத்தை ஒரு வெட்டுமுகமாகக் காட்ட இதைப் போல வசதி வேறில்லை. வருடா வருடம் படிந்த அடுக்குகளும், குறுக்கே வெட்டி ஓடும் ஒரு பெரிய விரிசலின் உட்புறமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குழந்தைகள், முட்டி வலிக்கிற பெரியவர்கள், கோடையில் வருகிறவர்கள் எல்லாருக்கும் என் தேர்வு இதுதான்.

இதற்குக் கொஞ்சம் மேற்கே ஓக் என்றொரு மலை. அதன் உச்சியில் இருந்த பனியாறு மெலிந்துபோய் நகர்வதை நிறுத்தியதால், 2014-ல் அது இனிப் பனியாறு இல்லை என்று அறிவித்தார்கள். 2019-ல் அங்கே ஒரு நினைவுப் பலகையும் பதித்தார்கள். அந்தப் பக்கச் சாலையில் போகும்போது வண்டி ஓட்டுனர் கையை நீட்டி மலையைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஃபுர்கா கணவாய்ச் சாலையோரம் ரோன் பனியாற்றில் குடைந்த குகைக்குப் போயிருப்பார்கள். 19-ம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பனியைக் குடைந்து காட்டி வந்தார்கள், உருகுவதைத் தாமதிக்க வெள்ளைப் போர்வை போர்த்தினார்கள். பனி பின்வாங்கிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் அந்த ஆண்டு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையும் கூரையும்

2024 ஆகஸ்ட் 25 அன்று, பிரெய்தாமெர்குர்யோகுலில் குகை பார்க்க வந்த சுற்றுலாக் குழுவின் மேல் பனி சரிந்து ஒருவர் இறந்தார், ஒருவர் காயமடைந்தார். நடுக்கோடை முடிந்த நேரம். அதன் பிறகு பூங்காவில் பனிக்குகைப் பயணங்களை நிறுத்தி வைத்து, பாதுகாப்பு விதிகளை மறுபடி பார்த்தார்கள்.

இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். கோடையில் இயற்கைக் குகைக்குள் நான் போக மாட்டேன், என்னிடம் கேட்கிறவரையும் போகச் சொல்ல மாட்டேன். கூரை சொட்டிக்கொண்டிருந்தால் சூரிய ஒளி அதில் பட்டுப் படம் மிக அழகாக வரும், உண்மைதான். அந்தச் சொட்டு எதைச் சொல்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். குளிர்காலத்திலும் மழை பெய்து வெப்பம் ஏறிய நாளில் வழிகாட்டி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள், காசைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். வழிகாட்டி இல்லாமல் பனியாற்றின் மேல் கால் வைப்பது எந்த மாதத்திலும் வேண்டாம். புதுப்பனி மூடிய பிளவு மேலிருந்து தெரியாது.

கையில் எதைக் கொண்டுபோவது

தம்பி கேட்ட லென்ஸ் கேள்விக்கு இப்போது வருகிறேன். முழுச் சட்டக சென்சாரில் 16 முதல் 35 எம்எம் வரை போதும். 14 எம்எம் இருந்தால் குறுகிய வளைவில் உதவும், ஆனால் ஓரங்கள் இழுபட்டு, ஆள் நின்றால் காலும் தலையும் நீண்டுவிடும். நான் எடுத்ததில் நல்ல படங்கள் பாதிக்கு மேல் 20 எம்எம்மை ஒட்டியவை. ஒரு 50 எம்எம்மும் பையில் இருக்கட்டும். சுவரின் குழிகளையும் சாம்பல் பட்டையையும் கிட்டப்போய் எடுக்க அதுதான் தோது.

போனா கேமராவா என்பதில் என் மனம் மாறியிருக்கிறது. முதல் பயணத்தில், லென்ஸ் மங்கி நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி கோட்டின் உள்பாக்கெட்டில் கதகதப்பாக இருந்த போனை எடுத்து நாலு படம் எடுத்துவிட்டாள். உடம்புச் சூட்டில் இருந்ததால் அதன் கண்ணாடியில் ஈரம் படியவில்லை. அந்தப் பயணத்தில் தேறியது அவள் எடுத்தவைதான். இப்போதைய போன்களின் அகலக் கோண லென்ஸ் 13 எம்எம்முக்கு இணை. கையில் பிடித்தே ஒன்றிரண்டு விநாடி இரவு முறையில் எடுக்கிறது. திரையில் பார்க்கவும், ஏ4 அளவில் அச்சிடவும் தாராளம். சுவரில் மாட்டுகிற அளவு பெரிதாக்கும்போதுதான் இருட்டுப் பகுதிகளில் நீலம் கொழகொழவென்று ஆகி, குழிகளின் விளிம்பு போய்விடும். சாதாரணப் பயணத்துக்குப் போனை மட்டும் கொண்டுபோகலாம் என்று இப்போது மனதாரச் சொல்வேன். படப் பயணத்துக்குக் கேமராவும் டிரைபாடும் வேண்டும்.

டிரைபாடின் ரப்பர்க் கால் பனியில் வழுக்கும், முள்கால் மாட்டிக்கொள்ளுங்கள். லென்ஸின் துளை எஃப்/8, சென்சாரின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 முதல் 400, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை விநாடி முதல் நாலு விநாடி வரை, அன்றைய வெளிச்சம் எப்படியோ அப்படி. வழவழத்த பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். சாம்பல் துகள் தெரியும் இடத்தில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 16 எம்எம், எஃப்/8 என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் அரை மீட்டரிலிருந்து கடைசி வரை தெளிவாக இருக்கும்.

டிரைபாட் இல்லாதபோது எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, முட்டியைப் பனித்தரையில் ஊன்றி, முழங்கையை முட்டியில் ஊன்றி, ஒரே இடத்தில் ஐந்தாறு படம். அதில் ஒன்று நிச்சயம் தெளிவாக இருக்கும். முட்டிக்கு அடியில் தெர்மாகோல் துண்டு ஒன்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடம் தாங்கலாம்.

குகை வாயிலைச் சட்டகத்துக்குள் வைத்தால் வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்தில் அடங்காது. வெளிச்ச அளவை மாற்றி மூன்று எக்ஸ்போஷர் எடுங்கள், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). இங்கே பலர் ஏமாறும் இடம் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் கேமராத் திரையில் காட்டும் வரைபடம். மொத்த வெளிச்சக் கோடு நடுவில் பத்திரமாக இருப்பது போலக் காட்டும், ஆனால் நீல நிறத்துக்கான கோடு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நின்றிருக்கும். நீலம் வெட்டுப்பட்டால் சுவரின் குழிகள் எல்லாம் தட்டையான ஒரே சாயமாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூன்று நிறக் கோடுகளையும் தனித்தனியாகக் காட்டும் திரையை வைத்துக்கொண்டு, நீலத்தைப் பார்த்தே எக்ஸ்போஷர் குறையுங்கள்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, கேமராவிடம் விட்டால், இவ்வளவு நீலத்தைத் தவறென்று நினைத்துச் சாம்பலாக்கும். பகல் வெளிச்சம், 5200 கெல்வினில் நிறுத்தி ரா ஃபைலாக (சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். வீட்டில் வந்து நிறத்தைச் சரிசெய்யும்போது, வாயிலுக்கு அருகே வெளிச்சம் நேராகப் படும் சாம்பல் பட்டையைப் பாருங்கள். நேரில் அது கரிக்கறுப்பு. படத்தில் அது ஊதாவாக மாறியிருந்தால் நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். இணையத்தில் உலவும் பாதிப் படங்களில் அந்தப் பட்டை ஊதாதான். அங்கே போய் நின்றவர் யாரும் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பனியின் உண்மையான நிறமே போதும், அதைத் தொடாமல் விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

போலரைசர் ஃபில்டர் கொண்டுபோகலாமா? சுவர் ஈரமாக மினுங்கும் நாளில் அந்த மினுக்கை வெட்டி, பனியின் உள்ளே ஆழத்தைக் காட்டும். பதிலுக்கு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும். டிரைபாட் இருந்தால் மாட்டுங்கள், கையில் பிடித்து எடுப்பதென்றால் பையிலேயே இருக்கட்டும்.

மூச்சும் படத்தில் விழும். நாலு விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது லென்ஸுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டால் ஆவி முன்னால் மிதந்து வந்து படத்தின் கீழ் ஓரத்தில் மூட்டமாகப் பதியும். ரிமோட்டை அழுத்திவிட்டு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். தலைவிளக்கையும் அணைத்துவிடுங்கள். மஞ்சள் கலந்த அதன் வெளிச்சம் ஒரு துளி பட்டாலும் அந்த மூலை பச்சையாகிவிடும். படத்தில் ஆள் வேண்டுமென்றால் சிவப்போ ஆரஞ்சோ போட்ட ஒருவரை நாற்பதடி தள்ளி நிறுத்துங்கள். நீலக் கோட்டு போட்டவர் சுவரோடு கரைந்துவிடுவார்.

பேட்டரி மூன்றையாவது உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். திரும்பி வண்டிக்குள் ஏறும் முன், வெளிக்குளிரில் நிற்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி அடைத்துவிடுங்கள். மெமரி கார்டை மட்டும் அதற்கு முன்பே கழற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படத்தைப் பார்க்கும் ஆசையில் அறைக்குப் போனதும் பையைத் திறந்துவிடுவோம். இரண்டு மணி நேரம் அது மூடியே கிடக்கட்டும்.

தம்பி கடைசியில் தேதியைச் சொன்னான். ஜூலை இரண்டாம் வாரம், பள்ளி விடுமுறை, இரண்டு பிள்ளைகளும் கூட. "அப்ப நீலக் குகையே கிடையாதாண்ணா?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

லாங்யோகுல் சுரங்கத்தைப் பதிவு செய்யச் சொன்னேன், போன் மட்டும் போதும் என்றேன். பெரியவளுக்குச் சிவப்பு மழைக்கோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன். பிப்ரவரிக்கு அவன் தனியாக வருவதாக இருந்தால் நானும் வருகிறேன் என்றேன். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் காலண்டர் படம் ஒன்று அனுப்பியிருந்தான், பிப்ரவரி 12 முதல் 17 வரை பேனாவால் வட்டமிட்டு.